ஷெங்கன் விசா: விண்ணப்பம் முதல் எல்லைச் சோதனை வரை முழுமையான வழிகாட்டி

ஐரோப்பாவுக்குப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் விமான டிக்கெட் விலையைப் பார்க்கிறார்கள், அப்புறம் ஹோட்டல், கடைசியில்தான் விசா. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். எந்த நாட்டில் எத்தனை இரவு தங்குகிறீர்கள் என்பதுதான் எந்தத் தூதரகத்துக்குப் போவது என்பதைத் தீர்மானிக்கும். அந்தத் தூதரகத்தில் எப்போது அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் பயணத் தேதியை முடிவு செய்ய முடியும். டிக்கெட் அதற்குப் பிறகுதான்.

1985 ஜூன் 14 அன்று லக்சம்பர்க் நாட்டில் மோசெல் ஆற்றோரம் இருக்கும் ஷெங்கன் என்ற சிற்றூரில் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஐந்து நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தங்களுக்குள் எல்லைச் சோதனையை விலக்கிக்கொள்வதே அதன் நோக்கம். இன்று அந்த வட்டத்தில் 29 நாடுகள் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் அயர்லாந்து, சைப்ரஸ் தவிர மற்ற 25 நாடுகளும், ஒன்றியத்தில் சேராத சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டென்ஸ்டைன் ஆகிய நான்கும் இதில் அடங்கும். குரோவேஷியா 2023 ஜனவரியில் வந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் தரைவழி எல்லை உட்பட முழு உறுப்பினர்கள். பழைய பயணக் குறிப்புகளை நம்பித் திட்டம் போடுபவர்கள் இந்த மூன்று நாடுகளில்தான் இடறுகிறார்கள். பிரிட்டன் இந்த வட்டத்தில் இல்லை. லண்டனுக்குத் தனி விசா, டப்ளினுக்குத் தனி விசா.

உள்ளே எல்லை இல்லாததாலேயே வெளி வாசலில் சோதனை கடுமையாக இருக்கிறது. விசா தரும் நாடு மற்ற 28 நாடுகளுக்கும் சேர்த்தே உங்களைச் சோதிக்கிறது. விசா மறுக்கப்படுவதற்குக் காகிதம் குறைவதைவிட, இருக்கும் காகிதங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இருப்பதே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. லீவு லெட்டரில் ஒரு தேதி, ஹோட்டல் முன்பதிவில் வேறு தேதி, காப்பீட்டில் மூன்றாவது தேதி. கீழே வரும் படிகள் எல்லாமே இந்தக் கோளாறைத் தவிர்ப்பதற்காகத்தான்.

படி 1: உங்களுக்கு விசா தேவையா?

இதை உங்கள் பாஸ்போர்ட்தான் தீர்மானிக்கும். இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குக் கட்டாயம் விசா வேண்டும். மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா வேண்டாம். ஆனால் விசா இல்லாமல் வருபவர்களுக்கு ஈட்டியாஸ் என்ற முன் அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவருகிறது. 2026 கடைசிக் காலாண்டில் தொடங்குவதாகத் திட்டம். கட்டணம் 20 யூரோ, 18 வயதுக்குக் கீழும் 70 வயதுக்கு மேலும் கட்டணம் இல்லை. ஒருமுறை வாங்கினால் மூன்று ஆண்டு, அல்லது பாஸ்போர்ட் முடியும் வரை, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். விசா கட்டாயமுள்ளவர்களுக்கும் ஈட்டியாஸுக்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே "ஈட்டியாஸ் எடுத்தால் போதும், விசா வேண்டாம்" என்று யாராவது இந்திய, இலங்கைப் பயணிகளிடம் பணம் கேட்டால் அது மோசடி.

விசாவில் மூன்று வகை உண்டு. சுற்றுலா, உறவினர் சந்திப்பு, வணிகக் கூட்டம் போன்ற 90 நாளுக்குட்பட்ட பயணத்துக்கு சி வகை. படிப்பு, வேலை, குடும்பத்தோடு சேர்ந்து வாழ்வது போன்ற நீண்ட தங்கலுக்கு டி வகை. இதற்கு ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சட்டம் இருப்பதால் இந்த வழிகாட்டியில் சேர்க்கவில்லை. மூன்றாவது ஏ வகை, அதாவது விமான நிலைய டிரான்சிட் விசா. வெளியே வராமல் விமானம் மாறுவதற்கு மட்டும் சில நாட்டவர்களுக்கு இது தேவை.

இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் பொதுவான டிரான்சிட் விசாப் பட்டியலில் இலங்கை இருக்கிறது. பிராங்ஃபர்ட்டிலோ பாரிசிலோ விமானம் மாறி வேறு கண்டத்துக்குப் போனாலும் ஏ வகை விசா வேண்டும். அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா கையில் இருந்தால் விலக்கு உண்டு. இந்தியா பொதுப் பட்டியலில் இல்லை, ஆனாலும் தனித்தனி நாடுகள் தங்கள் அளவில் விதி வைத்துக்கொள்ள முடியும். எனவே டிக்கெட் எடுக்கும் முன் விமானம் மாறும் நாட்டின் தூதரக இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று: ஷெங்கனுக்குள் இரண்டு முறை விமானம் மாறினால் அது டிரான்சிட் ஆகாது. முதல் விமான நிலையத்திலேயே எல்லையைக் கடந்து உள்ளே வந்துவிடுகிறீர்கள், அதற்கு சி வகை விசாதான் வேண்டும்.

படி 2: எந்தத் தூதரகம்?

நீங்களே தேர்ந்தெடுக்கும் விஷயம் இல்லை இது. ஒரே நாட்டுக்குப் போனால் அந்த நாட்டின் தூதரகம். பல நாடுகள் என்றால், தங்கும் காலத்தையும் நோக்கத்தையும் வைத்து முதன்மையான நாடு எதுவோ அது. பிரான்சில் மூன்று இரவு, சுவிட்சர்லாந்தில் நான்கு, இத்தாலியில் மூன்று என்றால் சுவிஸ் தூதரகம். எல்லாம் சமமாக இருந்தால், முதலில் காலடி வைக்கும் நாடு. ஜெர்மனியில் தங்கையின் கல்யாணத்துக்குப் போய், முடிந்ததும் பக்கத்து நாட்டைச் சுற்றிப் பார்ப்பதாக இருந்தால், பயணத்தின் காரணமே கல்யாணம்தான் என்பதைக் கவர் லெட்டரில் தெளிவாக எழுதி ஜெர்மனியில் விண்ணப்பிப்பதே பொருத்தம்.

"அந்த நாட்டில் அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறது, விசா வாங்கிக்கொண்டு நமக்கு வேண்டிய நாட்டுக்குப் போய்விடலாம்" என்ற யோசனையை ஏஜென்ட்டுகள் தாராளமாகச் சொல்வார்கள். கேட்காதீர்கள். விசா தந்த நாட்டுக்குத் திட்டமே இல்லை என்று எல்லையில் தெரியவந்தால் அங்கேயே விசாவை ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. வழியில் உண்மையாகவே திட்டம் மாறுவது வேறு. அதைக் காட்ட உங்களிடம் சான்று இருக்கும்.

நீங்கள் சட்டப்படி வசிக்கும் நாட்டிலிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். இந்தியராக இருந்தாலும் துபாயில் வேலை பார்த்தால் அமீரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அங்குள்ள வசிப்பு அனுமதி, திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் செல்லுபடியாக வேண்டும். சில சிறிய நாடுகளுக்கு எல்லா இடத்திலும் தூதரகம் கிடையாது. அங்கெல்லாம் வேறொரு ஷெங்கன் நாடு அவர்களுக்காக விசா கொடுக்கும். யார் யாருக்காகக் கொடுக்கிறார்கள் என்பது அந்தந்த நாட்டின் வெளியுறவு அமைச்சகத் தளத்தில் இருக்கும்.

படி 3: நாள் கணக்கு

விண்ணப்பத்துக்குரிய காலக்கெடு சுலபமானது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே கொடுக்கலாம், கடைசியாக 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள் உண்டு. கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் 45 நாள் வரை நீளலாம். அப்பாயின்ட்மென்ட் பொதுவாக இரண்டு வாரத்துக்குள் தரப்பட வேண்டும் என்று விதி சொல்கிறது, ஆனால் கோடைக்கு முந்தைய மாதங்களில் நடைமுறை அப்படி இருப்பதில்லை. ஜூன், ஜூலைப் பயணம் என்றால் பிப்ரவரி, மார்ச்சிலேயே இறங்கிவிடுவது நல்லது.

இதைவிடச் சிக்கலானது 90/180 விதி. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் ஷெங்கனுக்குள் இருக்கக் கூடாது. அந்த 180 நாள் என்பது ஜனவரி முதல் ஜூன் வரை என்பதுபோல் நிலையாக நிற்பதில்லை, ஒவ்வொரு நாளும் நகர்ந்துகொண்டே இருக்கும். இன்று அங்கே இருக்கிறீர்கள் என்றால், இன்றையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ண வேண்டும். அதற்குள் அங்கே இருந்த நாட்களின் கூட்டுத்தொகை 90-ஐத் தாண்டக் கூடாது. நுழையும் நாளும் ஒரு நாள், வெளியேறும் நாளும் ஒரு நாள். இரவு 11.50-க்கு இறங்கினாலும் அது முழு நாளாகவே எண்ணப்படும்.

பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோர்தான் இந்தக் கணக்கில் அதிகம் மாட்டிக்கொள்வார்கள், ஆகவே ஒரு முறை போட்டுப் பார்ப்போம். லீப் அல்லாத ஓர் ஆண்டு. ஜனவரி 10 முதல் பிப்ரவரி 8 வரை முதல் பயணம், 30 நாள். மே 1-இல் மறுபடி போகிறீர்கள். இன்னும் 60 நாள் பாக்கி இருக்கிறது, அது ஜூன் 29-இல் முடிகிறது. அன்று பின்னோக்கி 180 நாள் எண்ணினால் ஜனவரி 1-இல் போய் நிற்கும். இரண்டு பயணமும் அதற்குள் அடங்குவதால் சரியாக 90. ஜூன் 30 அன்றும் அங்கே இருந்தால் அது 91-ஆவது நாள், விதிமீறல்.

ஒருநாள் வெளியே போய்விட்டு வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும் என்று நம்புபவர்கள் நிறைய. தொடங்காது. மேலே உள்ள கணக்கில் மறுபடி நுழையக் கூடிய முதல் நாள் ஜூலை 9. அன்றுதான் ஜனவரி 10 என்ற பழைய நாள் 180 நாள் சட்டகத்திலிருந்து கழிகிறது. அதன்பின் தினமும் ஒரு பழைய நாள் கழிய ஒரு புதிய நாள் கிடைக்கும். அப்படி ஆகஸ்ட் 7 வரை 30 நாள் இருக்கலாம், அதற்கு மேல் முடியாது. விரல்விட்டு எண்ணச் சலிப்பாக இருந்தால் ஐரோப்பிய ஆணையத்தின் தளத்தில் இதற்கென்றே ஒரு கணிப்பான் இலவசமாக இருக்கிறது.

படி 4: பாஸ்போர்ட்

மூன்று நிபந்தனைகள். ஷெங்கனை விட்டு வெளியேறும் தேதிக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கமாவது இருக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டுகளில் விசா இருந்தால் அவற்றையும் கொண்டுபோங்கள். ஒழுங்காகப் போய்த் திரும்பி வந்த பழைய பயணங்கள் உங்களுக்காகப் பேசும்.

படி 5: கோப்பைத் தயார் செய்தல்

தேவையான ஆவணங்களின் பட்டியல் விண்ணப்பிக்கும் ஊரைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். அதைத் தூதரகத் தளத்திலிருந்தோ விண்ணப்ப மையத் தளத்திலிருந்தோ அச்செடுத்து, அதே வரிசையில் அடுக்குங்கள். விண்ணப்பப் படிவம் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். கையெழுத்தை மறந்துவிடாதீர்கள். புகைப்படம் 35 மில்லிமீட்டர் அகலம், 45 மில்லிமீட்டர் உயரம், சமீபத்தில் எடுத்தது.

அதிகாரியின் மனதில் இருக்கும் கேள்விகள் நான்கே நான்கு. எதற்கு வருகிறாய்? எங்கே தங்குவாய்? செலவுக்குப் பணம் எங்கிருந்து? திரும்பிப் போவாயா? முதல் மூன்றுக்கும் நேரடியாகக் காகிதம் உண்டு. நான்காவதுக்கு நேரடிச் சான்று எதுவும் கிடையாது, அதனால்தான் அது கடினம். வேலை, தொழில், குடும்பம், படிப்பு, சொத்து என்று நீங்கள் திரும்பி வருவதற்கான காரணங்களைச் சேர்த்துத்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

கவர் லெட்டர் கட்டாயமில்லாத இடத்திலும் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். யார், என்ன வேலை, எந்தத் தேதியில் எந்த ஊர், யார் செலவு செய்கிறார்கள், எப்போது திரும்பி வேலையில் சேர்கிறீர்கள். "ஐரோப்பாவின் அழகைக் காண வேண்டும் என்பது என் நெடுநாள் கனவு" போன்ற வரிகளால் ஒரு பயனும் இல்லை. விளக்கம் தேவைப்படும் எதையும் இந்தக் கடிதத்தில்தான் சொல்ல வேண்டும். மூன்று மாதம் முன்புதான் வேலை மாறினீர்களா? செலவை அண்ணன் ஏற்கிறாரா? போன ஆண்டு விசா மறுக்கப்பட்டதா? அவர்களாகக் கண்டுபிடிப்பதைவிட நீங்கள் சொல்வது நல்லது.

பணத்துக்கு வருவோம். "கணக்கில் எவ்வளவு இருக்க வேண்டும்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. 29 நாட்டுக்கும் பொதுவான தொகை கிடையாது. ஒவ்வொரு நாடும் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று அறிவித்திருக்கிறது. பிரான்சில் ஹோட்டல் முன்பதிவு இருந்தால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 65 யூரோ, இல்லையென்றால் 120 யூரோ. ஜெர்மனி 45 யூரோவை ஓர் அளவுகோலாக வைத்திருக்கிறது. ஸ்பெயின் தன் குறைந்தபட்ச ஊதியத்தோடு இதை இணைத்திருப்பதால் ஊதியம் உயரும்போது தொகையும் உயரும். இவை அடிமட்டத் தொகைகள். இருப்பைவிட வரவு செலவின் ஓட்டத்தைத்தான் அதிகாரிகள் பார்ப்பார்கள். மாதாமாதம் சம்பளம் வந்து, வாடகையும் மின்கட்டணமும் போய், மிச்சம் சேர்ந்துகொண்டிருக்கும் நடுத்தரக் கணக்கு நம்பிக்கை தரும். ஆறு மாதம் வறண்டு கிடந்து, விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென்று பெரிய தொகை விழுந்த கணக்கு சந்தேகத்தைத்தான் கிளப்பும். அந்தப் பணம் நிலம் விற்றதாலோ வைப்புத்தொகை முதிர்ந்ததாலோ வந்திருந்தால் அதற்கான பத்திரத்தின் நகலைச் சேர்த்துவிடுங்கள்.

வேலையில் இருப்பவர்கள் சம்பளச் சீட்டு, நிறுவனத்தின் கடிதம், அனுமதிக்கப்பட்ட லீவுத் தேதிகள் கொடுக்க வேண்டும். லீவு முடியும் நாளும் திரும்பும் விமானத்தின் நாளும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். சொந்தத் தொழில் என்றால் தொழில் பதிவுச் சான்றும் வருமான வரிக் கணக்கும். ஓய்வு பெற்றவர்களுக்கு ஓய்வூதியச் சான்று. வேலைக்குப் போகாத இல்லத்தரசிகளும் மாணவர்களும் செலவை ஏற்பவரின் ஆவணங்களோடு உறவுக்கான சான்றையும் வைக்க வேண்டும்.

விமான டிக்கெட்டைப் பணம் கட்டி எடுத்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது தவறான எண்ணம். பொதுவாக முன்பதிவு போதும். ஆனால் அது உண்மையான முன்பதிவாக இருக்க வேண்டும், சரிபார்த்தால் கணினியில் தெரிய வேண்டும். ஹோட்டலும் அப்படியே. இலவசமாக ரத்து செய்யக் கூடியதைப் பதிவு செய்யலாம், விசா வரும் முன்பே ரத்து செய்துவிடக் கூடாது. போலிக் காகிதம் வைத்து மாட்டினால் அது அந்த விண்ணப்பத்தோடு முடியாது. விசா தகவல் அமைப்பில் ஐந்து ஆண்டு வரை பதிவாகி, 29 நாட்டு அதிகாரிகளின் திரையிலும் தெரியும்.

உறவினர் வீட்டில் தங்குபவர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. பிரான்சில் இருப்பவர் தன் ஊர் மெரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், 30 யூரோ கட்டி வரவேற்புச் சான்று வாங்கி, அசலைத் தபாலில் அனுப்ப வேண்டும். நகல் செல்லாது. வீட்டின் பரப்பு, வருமானம் எல்லாம் பார்த்துத்தான் மெரியில் கொடுப்பார்கள் என்பதால் முன்கூட்டியே தொடங்கச் சொல்லுங்கள். ஜெர்மனியில் இருப்பவர் உங்கள் செலவை ஏற்பதென்றால் வெளிநாட்டினர் அலுவலகத்தில் முறையான பொறுப்பேற்பு உறுதிமொழி கொடுக்க வேண்டும், அதற்கு 29 யூரோ. அதில் கையெழுத்திடுபவர் விருந்தாளியின் மருத்துவச் செலவு வரைக்கும் சட்டப்படி பொறுப்பாகிறார். வாய்வார்த்தையாகச் செய்யும் உதவி அல்ல இது, அவருக்கும் அதைத் தெரியப்படுத்திவிட்டுக் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு: பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் இருவரின் கையெழுத்து. ஒருவர் மட்டும் உடன் போனால் மற்றவரின் சம்மதக் கடிதம்.

படி 6: மருத்துவக் காப்பீடு

குறைந்தது 30,000 யூரோ. ஷெங்கன் பகுதி முழுவதும், தங்கும் எல்லா நாளும் செல்ல வேண்டும். அவசரச் சிகிச்சை, மருத்துவமனைச் செலவு, நோயாளியைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவருவது, மரணம் நேர்ந்தால் ஆகும் செலவு ஆகியவை அடங்கியிருக்க வேண்டும். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வருமா என்று வாங்கும்போதே கேளுங்கள். வயதான பெற்றோருக்கு எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இதய நோய்க்குக் காப்பு உண்டா என்று பாருங்கள். விசாவுக்கு அது தேவையில்லை, உங்களுக்குத் தேவை.

படி 7: நேரில் போகும் நாள்

பெரும்பாலான நாடுகள் விண்ணப்பம் வாங்கும் வேலையை வி.எஃப்.எஸ். குளோபல், பி.எல்.எஸ்., டி.எல்.எஸ். காண்டாக்ட் போன்ற நிறுவனங்களிடம் விட்டிருக்கின்றன. விசா தருவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்வதில்லை. வாங்கி அனுப்புவது மட்டுமே அவர்கள் வேலை. "இந்தச் சேவை எடுத்தால் விசா உறுதி" என்று அங்கே யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். சொகுசு அறை, குறுஞ்செய்தி, கூரியர் எல்லாம் விருப்பம்தான்.

விசாக் கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ. 6 முதல் 12 வயதுக்குக் கீழ் வரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழ் இல்லை. மையத்தின் சேவைக் கட்டணம் தனி, பொதுவாக விசாக் கட்டணத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்ப வராது. தவறான தூதரகத்தில் கொடுத்து அவர்கள் ஆய்வு செய்யாமலே திருப்பினால் விசாக் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

பத்து விரல் ரேகையும் எடுப்பார்கள். ஒருமுறை கொடுத்தால் 59 மாதத்துக்கு அதையே பயன்படுத்தலாம். 12 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு ரேகை வேண்டாம். மருதாணியோ வெட்டுக்காயமோ இருந்தால் கருவி ரேகையைப் பிடிக்கச் சிரமப்படும், அது ஆறிய பிறகு அப்பாயின்ட்மென்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: விசா ஸ்டிக்கர் வந்ததும் படியுங்கள்

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் பெயர், எண், பிறந்த தேதி ஆகியவற்றைச் சரிபார்ப்பது முதல் வேலை. அடுத்தது அதிலுள்ள மூன்று விவரங்கள்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை நாள், எத்தனை முறை.

மே 10 முதல் ஜூன் 8 வரை, 15 நாள் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பது நாள் கொடுத்துவிட்டார்கள் என்று மகிழ வேண்டாம். பயணம் சற்றுத் தள்ளிப்போனால் சமாளிப்பதற்காக 15 நாள் சலுகைக் காலம் சேர்த்திருக்கிறார்கள். அந்த முப்பது நாளுக்குள் எந்த 15 நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். 16-ஆவது நாள் தங்கக் கூடாது. ஜூன் 1-இல் போனால் 15 நாள் முடியாவிட்டாலும் ஜூன் 8-இல் கிளம்பியாக வேண்டும்.

ஒரு முறை நுழைவு என்று இருந்தால், நடுவில் லண்டனுக்கோ இஸ்தான்புல்லுக்கோ போய்த் திரும்ப முடியாது. ஷெங்கனை விட்டு வெளியேறிய நிமிடமே விசா முடிந்துவிடும். அப்படித் திட்டம் இருந்தால் விண்ணப்பத்திலேயே இரண்டு முறை அல்லது பலமுறை நுழைவு கேட்டு, காரணத்தையும் காட்ட வேண்டும்.

மறுத்துவிட்டால்

மறுப்பு எப்போதும் ஒரு பொதுப் படிவத்தில் வரும். எந்தக் காரணம் என்று அதில் குறியிட்டிருப்பார்கள். நோக்கம் நிரூபிக்கப்படவில்லை, பணம் போதவில்லை, தகவல் நம்பத்தகுந்ததாக இல்லை, திரும்பிப் போவதில் ஐயம் இருக்கிறது. அடிக்கடி காணும் குறிகள் இவை. அதே கோப்பை அப்படியே மறுநாள் இன்னொரு முறை கொடுப்பதுதான் மிக மோசமான வழி. குறியிட்ட காரணத்துக்குப் புதிய சான்று உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புதிய விண்ணப்பம் போடலாம், முந்தைய மறுப்பு தானாகவே அடுத்ததைத் தடுப்பதில்லை. அவர்கள் ஓர் ஆவணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதாக நினைத்தால் மேல்முறையீடு செய்யலாம். அந்த உரிமை எல்லா நாட்டிலும் உண்டு, வழிமுறையும் கெடுவும் நாட்டுக்கு நாடு வேறு, மறுப்புக் கடிதத்திலேயே எழுதியிருக்கும். ஜெர்மனி, தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் பழைய வழியை 2025 ஜூலை 1 முதல் நிறுத்திவிட்டது. அங்கே இனிப் புதிய விண்ணப்பம், இல்லையென்றால் நீதிமன்றம்.

படி 9: எல்லையில்

விசா கையில் இருந்தாலும் உள்ளே விடுவது எல்லை அதிகாரியின் முடிவு. தங்குமிடச் சான்று, திரும்பும் டிக்கெட், காப்பீடு, அழைப்புக் கடிதம், பணத்துக்கான சான்று ஆகியவற்றின் அச்சுப் பிரதியைக் கைப்பையில் வையுங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்துக்கொண்டு வரிசையில் சார்ஜ் தீர்ந்து நிற்பது தேவையில்லாத தலைவலி. கேட்டதற்கு மட்டும், சுருக்கமாக, விண்ணப்பத்தில் எழுதியதையே சொல்லுங்கள். ஆங்கிலம் பழக்கமில்லாத பெற்றோர் தனியாகப் பயணித்தால், யார் வீட்டுக்கு, எந்த முகவரி, எந்தத் தொலைபேசி எண், எப்போது திரும்புவார்கள் என்பதை ஆங்கிலத்திலோ அந்த நாட்டு மொழியிலோ ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

2025 அக்டோபர் 12 முதல் ஈ.ஈ.எஸ். என்ற மின்னணு நுழைவு–வெளியேற்றப் பதிவு படிப்படியாக அறிமுகமானது. முத்திரைக்குப் பதிலாக முகப்படத்தோடு நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் கணினியில் ஏறும். முதல் முறை பதிவுக்குச் சற்று நேரமெடுக்கும், இணைப்பு விமானத்துக்கு இடையே நேரம் விட்டு டிக்கெட் எடுங்கள். முத்திரை மங்கியிருந்தால் தப்பித்துவிடலாம் என்ற காலம் இதோடு போயிற்று. கூடுதலாகத் தங்கிய ஒரு நாளும் தானாகவே கணக்கில் வந்துவிடும். அபராதமோ, நுழைவுத் தடையோ, அடுத்த விசாவில் சிக்கலோ வரலாம்.

பெட்டி விஷயத்தில் சுருக்கமாக: 10,000 யூரோவோ அதற்கு மேலோ ரொக்கமாக இருந்தால் அறிவிக்க வேண்டும். இறைச்சியும் பால் பொருட்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை, நெய்யும் பால் இனிப்புகளும் அதில் மாட்டும். தேங்காய், வாழை, அன்னாசி, பலாவைப் போன்ற டுரியான், பேரீச்சை ஆகிய ஐந்து தவிர மற்றப் பழங்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். மாம்பழப் பெட்டியைச் சுமந்துபோய்ச் சுங்கத்தில் கொடுத்துவிட்டு வருவதில் அர்த்தமில்லை.

அடுத்த முறைக்கு

ஒழுங்காகப் போய் வந்தவர்களுக்கு நீண்ட கால விசா தர விதியிலேயே ஏற்பாடு உண்டு. பொது விதிப்படி, இரண்டு ஆண்டுக்குள் மூன்று விசாவை முறையாகப் பயன்படுத்தியவருக்கு ஓராண்டுப் பலமுறை நுழைவு விசா, பிறகு இரண்டு ஆண்டு, பிறகு ஐந்து ஆண்டு. இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு 2024 ஏப்ரலில் இன்னும் எளிதாக்கினார்கள்: முந்தைய மூன்று ஆண்டில் இரண்டு விசாவை முறையாகப் பயன்படுத்தியிருந்தால் இரண்டு ஆண்டு விசா, அதன்பின் ஐந்து ஆண்டு விசா. விசா எத்தனை ஆண்டாக இருந்தாலும் 90/180 விதி அப்படியேதான் இருக்கும். இந்தச் சலுகையைப் பெற பாஸ்போர்ட்டில் போதிய ஆயுள் இருக்க வேண்டும் என்பதால், ஒன்றிரண்டு ஆண்டில் முடியப்போகும் பாஸ்போர்ட்டை முதலில் புதுப்பித்துவிட்டு விண்ணப்பியுங்கள். பழைய விசாக்கள் இருக்கும் ரத்தான பாஸ்போர்ட்டையும் புதியதோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். பலமுறை நுழைவு விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது முதல் பயணத்துக்கான காப்பீடு மட்டும் காட்டினால் போதும். அதற்குப் பிறகு போகும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் காப்பீடு எடுப்பது உங்கள் பொறுப்பு, படிவத்தில் அதற்குத்தான் தனியாக ஒரு கையெழுத்து வாங்குகிறார்கள்.